இந்தப் படத்தப் பெரிய திரையிலதான் பாக்கணும்

அந்தப் பெரிய படத்துக்கா நிக்கிறீங்க? வேணாம் சார். சொன்னா கேளுங்க, அந்த வரிசையில நிக்காதீங்க. நான் பாத்துட்டேன் அந்தப் படத்த. ஆமா, நேத்துதான். ஹீரோ முதல் சீன்ல முப்பது பேர அடிக்கிறான், கடைசி சீன்ல முந்நூறு பேர அடிக்கிறான், நடுவுல என்ன நடந்துச்சுனு அவனுக்கே தெரியாது. நான் டெய்லர் சார், என் கண்ணு வேற எங்கயும் போகாது. அவ்வளவு பேர அடிச்சும் கக்கத்துல ஒரு தையல் பிரியல. கைய இப்படி மேல ஓங்கினா எந்தச் சட்டையா இருந்தாலும் இடுப்புலேர்ந்து கொஞ்சம் ஏறணும்ல, அதுகூட ஏறல. அப்படின்னா உள்ள பின்னு குத்தி வச்சிருக்கான். பின்னு குத்தின சட்டையப் போட்டுக்கிட்டு உலகத்தக் காப்பாத்துறானாம்.

பிள்ளைங்க கேக்குதுங்களா? அது கேக்கும். அதோ போஸ்டர் பக்கத்துல நின்னு ஃபோட்டோ எடுத்துக்கிதுங்களே, அந்த ரெண்டும்தானே? நல்லா இருக்கட்டும். அங்க கைப்பைக்குள்ள தலைய விட்டு எதையோ தேடிட்டு இருக்காங்களே, அவங்க உங்க வீட்டம்மாவா? அப்ப உங்களோட சேத்து நாலு பேரு. வேற யாரும் வரலையா? நாலேதானா? இல்ல இல்ல, சும்மா கேட்டேன்.

ரெண்டாவது ஸ்கிரீன்ல பேய்ப்படம். அதப் பத்திப் பேசவே வேணாம். பேய்க்குப் போட்டிருக்கற வெள்ளை அங்கியில ஓரத்துக்கு ஓவர்லாக் அடிக்காம நூல் தொங்குது, பயம் எங்கேர்ந்து வரும்? மூணாவது ஸ்கிரீனப் பாருங்க. அந்த மூலைல, போஸ்டர்கூட ஒரு பக்கம் கழண்டு தொங்குதே, அதான். வாடகைக்கு வீடு தேடி அலையற ஒரு குடும்பத்தோட கதை. அதுக்குப் போங்க சார். சிரிப்பு இருக்கு, அழுகை இருக்கு, சண்டைகூட இருக்கு. சண்டைன்னா, வீட்டுக்காரரோட வாய்ச்சண்டை. ஆனா நல்ல சண்டை.

சின்னப் படம், வீட்ல பாத்துக்கலாம்னு சொல்றீங்க. காலையிலேர்ந்து எல்லாரும் இதத்தான் சொல்றாங்க. வெடி, பறக்கற காரு, இடியற கட்டடம் இதெல்லாம் தியேட்டர்ல. புருஷன் பொண்டாட்டி, பிள்ளைங்க, வீட்டுக் கஷ்டம் இதெல்லாம் வீட்ல. யாரு சார் இந்தச் சட்டத்தப் போட்டது? வெடி உங்க ஃபோன்லயும் வெடிதான். ஆனா ஒரு தெருவு, அதுல இருநூறு பேரு போறாங்க வராங்கனு வைங்க. ஃபோன்ல பாத்தா எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். இங்க பாத்தா கூட்டத்துல கடைசியில நிக்கிறவன் மூஞ்சிகூட கதவு அளவுக்கு இருக்கு. அவன் தாடி வளத்திருக்கானா, இளைச்சிருக்கானா, எல்லாம் தெரியும். அப்ப எதத் தியேட்டர்ல பாக்கணும்? நீங்களே சொல்லுங்க.

இன்னொண்ணு, இது வீட்டுக்கெல்லாம் வராது. டிவிக்கும் விக்கல, ஃபோன்லயும் வராதாம். வாங்க ஆளில்லையாம். படம் எடுத்த கம்பெனிக்கே நான் ஃபோன் போட்டுக் கேட்டேன். நாளைக்கு வெள்ளிக்கிழமை, புதுப்படம் வருது, இதத் தூக்குறாங்க. வேற எங்கயும் ஓடல, இங்க மட்டும்தான். இன்னிக்கு ரெண்டரை ஷோதான் கடைசி. அதுக்கப்புறம் இந்தப் படத்த நீங்க தலைகீழா நின்னாலும் பாக்க முடியாது.

நான் கம்பெனி ஆளா? ஐயோ சார், என் செருப்பப் பாருங்க. படம் எடுக்கறவன் போடற செருப்பா இது? இந்தாங்க, சட்டைப் பையில இன்ச் டேப்பு, சாக்கட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கடை, ஒரு மிஷினு, ஒரு கட்டிங் டேபிள். இங்க சீட்டுக்கெல்லாம் கவர் மாத்தறாங்கனு அளவெடுக்கக் கூப்பிட்டாங்க, அப்படி வந்தவன்தான். எத்தன வாட்டி பாத்தேனா? ஒரு வாட்டிதான். சரி, ரெண்டு மூணு வாட்டி. என்ன சார் அப்படிப் பாக்கறீங்க. ஒம்பது வாட்டி. போதுமா? ஒம்பது வாட்டி பாத்தவன் சொல்றேன், போங்க.

நல்லா இருக்கானு நேரா கேட்டா நான் என்ன சொல்றது. முதல் பாதி இழுக்கும். அந்தப் பையன் நடிக்கவே இல்ல, பால்ல விழுந்த ஈ மாதிரி முழிக்கிறான். பாட்டு வந்தா வெளிய போய் வாய் கொப்பளிச்சுட்டு வரலாம். இதோ உண்மையச் சொல்லிட்டேன். அதுக்காகப் போயிடாதீங்க சார், நில்லுங்க. இருங்க ஒரு நிமிஷம்.

விஷயத்தச் சொல்லிடறேன். உள்ள பத்து பேராவது உக்காந்தாதான் படம் போடுவாங்க. இல்லாட்டி காசத் திருப்பிக் குடுத்து அனுப்பிச்சுருவாங்க. முந்தாநாளும் அப்படித்தான் ஆச்சு, நேத்தும் அப்படித்தான். மிச்ச டிக்கெட்ட நானே வாங்கிக்கறேன்னு மேனேஜர்கிட்டக் கெஞ்சினேன். முடியாதுங்கறாரு. யாரோ ஒருத்தன் மொத்தமா டிக்கெட்ட வாங்கிப்போட்டு, ஹவுஸ்ஃபுல்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டானாம், அதுலேர்ந்து உக்காந்திருக்கற ஆள எண்ணித்தான் ஓட்டணும்னு முதலாளி உத்தரவாம். மேனேஜர் நல்லவர்தான், ஆனா வேலை போனாலும் பரவால்லனு எனக்காகப் படம் போடுவாரா?

இப்ப ஆறு பேரு இருக்கோம். ஒரு காதல் ஜோடி, அதுங்களுக்குத் திரையில வெறும் துணியத் தொங்க விட்டாலும் சரிதான், மூலை சீட்டு இருந்தாப் போதும். ஒரு மருந்துக் கம்பெனிக்காரரு, பெரிய பையோட, அவரு ஏசியில தூங்க வந்திருக்காரு. ரிட்டயர்டு வாத்தியாரு ஒருத்தர், எல்லாப் படத்தையும் பாத்துட்டு எல்லாத்தையும் திட்டுவாரு. அப்பறம் நான், என் வீட்டுக்காரி. ஆறு. உங்க நாலையும் சேத்தா பத்து. சார், கணக்கு எவ்வளவு சரியா வருது பாருங்க. மணி ரெண்டே கால் ஆகுது. இன்னும் பத்து நிமிஷத்துல மேனேஜர் உள்ள வந்து எண்ணிப் பாத்துருவாரு.

சார், சார். ஐயோ, கையப் பிடிச்சு இழுத்துட்டேன், மன்னிச்சுக்கங்க. சட்டை கசங்கிருச்சா? குடுங்க, நானே நீவி விட்டுடறேன். கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்டம்மா என்னைப் பைத்தியம்னு நினைக்கறாங்க, பரவால்ல, நினைக்கட்டும். நேத்து ஒருத்தர் போலீஸக் கூப்பிடுவேன்னாரு. எனக்கு மானம் மரியாதையெல்லாம் இருந்துச்சு சார். அளவெடுக்க வரவங்ககிட்டகூட அதிகமா ஒரு வார்த்தை பேச மாட்டேன். இப்ப தியேட்டர் வாசல்ல நின்னு வரவன் போறவன் கையப் பிடிச்சு இழுக்கறேன்.

அந்தத் தூண் பக்கத்துல நாற்காலி நுனியில உக்காந்திருக்காளே, அவதான் என் வீட்டுக்காரி. எப்ப எந்திரிச்சு ஓடலாம்னு பாத்துட்டே இருப்பா. மெதுவாப் பேசுங்க, இங்கதான் பாக்கறா. சிரிங்க சார், சும்மா ஏதோ பேசிக்கிறோம்னு நினைக்கட்டும். அவ வீட்ட விட்டு வெளிய வந்து ஆறு வருஷம் ஆச்சு. கடைக்குப் போனா நான்தான் போவேன், ஆஸ்பத்திரின்னா டாக்டரு வீட்டுக்கு வரணும். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துக்கே போகல. ரெண்டு பேரும் சேந்தாப்புல வெளிய போயிட்டா வீடு பூட்டியிருக்கும்ல. அவன் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டா? இன்னிக்குப் பக்கத்து வீட்டு அக்கா எங்க வீட்டுக்குள்ள உக்காந்திருக்காங்க, கதவத் தொறந்து வச்சுக்கிட்டு. இவளக் கிளப்பிக் கூட்டிட்டு வரதுக்கு எனக்கு மூணு நாளாச்சு. நல்ல படம், வா வானு சொல்லி. முந்தாநாள் கிளம்பல. நேத்து எங்க வீட்டு வாசப்படி வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டா, ரெண்டு நாளும் நான் மட்டும்தான் இங்க வந்தேன். இன்னிக்கு எப்படியோ வந்துட்டா. இன்னொரு தடவ வர மாட்டா. வந்தாலும் படம் இருக்காது.

அவன்னா என் பையன் சார். எனக்கு ஒரே பையன். கடையிலதான் என்கூட இருந்தான், நல்லாக் காஜா எடுப்பான், பட்டன் ஓட்டையெல்லாம் ஒரே அளவா இருக்கும். ஒரு நாளு ஒரு கல்யாண மாப்பிள்ளைச் சட்டைக்குக் கை வெட்டச் சொன்னேன். ரெண்டு கையையும் இடது பக்கத்துக்கே வெட்டிட்டான். துணி மிச்சமில்ல, மறுநாள் காலைல டெலிவரி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எதுக்க நிக்கிறாங்க. எனக்கு வந்த ஆத்திரத்துல, உனக்குச் சோறு போடறதுக்கு ஒரு நாய வளத்திருக்கலாம், என் கண்ணு முன்னாடி நிக்காதன்னேன். சொல்றவன் எதையும் நினைச்சுச் சொல்றதில்ல. கத்திரிக்கோல டேபிள் மேல மெதுவா வச்சான், அது சத்தம்கூடப் போடல. போயிட்டான். சாயங்காலம் வருவான்னு நினைச்சேன், ஏழு வருஷம் ஆச்சு. அந்தத் தப்பு யாரு வேணாலும் பண்ணுவாங்க சார். நானே தொழில் கத்துக்கறப்ப ரெண்டு வாட்டி பண்ணியிருக்கேன். அத அவங்கிட்டச் சொல்லல.

சீட்டுக்கு அளவெடுக்க வந்தேன்னு சொன்னேன்ல. படம் ஓடிட்டு இருந்துச்சு. மூணாவது வரிசையில குனிஞ்சு டேப்ப வச்சுட்டு, நம்பர எழுதலாம்னு நிமிந்தேன். படத்துல அந்தக் குடும்பம் ஒரு சந்தைக்குள்ள நடந்து போகுது. மறைஞ்சு நின்னு எடுத்திருக்காங்க போல, அது நிஜமான கூட்டம். அந்தக் கூட்டத்துல ஒருத்தன் மூட்டையத் தூக்கிட்டுக் குறுக்கப் போறான். முதுகுதான் தெரிஞ்சுது. வலது தோளு இடதவிட அரை இன்ச்சு கீழ. நான் பதினஞ்சு வருஷம் அந்தத் தோளுக்குச் சட்டை வெட்டியிருக்கேன். அப்பறம் திரும்பிப் பாக்கறான், பாதி மூஞ்சி. தாடி. அவ்வளவுதான், யாரோ மறைச்சுட்டாங்க. நாலு செகண்டு இருக்கும். என் கையில இருந்த டேப்பு கீழ விழுந்துருச்சு.

எங்க எடுத்தீங்கனு கம்பெனில கேட்டா, நாலஞ்சு ஊர்ல எடுத்தோம், சந்தை எதுன்னு யாருக்கு ஞாபகம் இருக்குங்கறாங்க. தேடிடலாம் சார், நாலு ஊரு என்ன பெரிய ஊரு, நான் நடந்தே தேடுவேன். ஆனா அது அவன்தானானு தெரியணும். ஒம்பது வாட்டி பாத்தேன். முதல் வாட்டி சத்தியம் பண்ணியிருப்பேன். ஒம்பதாவது வாட்டி சந்தேகம் வந்துருச்சு. பாக்கப் பாக்க நான்தான் அவன அதுல தச்சு ஒட்ட வைக்கிறேனோனு தோணுது.

அவகிட்டச் சொல்லலாம்ல, சொல்லிட்டுக் கூட்டிட்டு வரலாம்லனு கேப்பீங்க. அவன் போன முதல் வருஷத்துல ரெண்டு தடவ யாரோ பாத்தேன்னு சொல்லி ஓடினோம். ரெண்டு தடவையும் வேற யாரோ. ரெண்டாவது தடவ வந்து படுத்தவ ஒரு மாசம் எந்திரிக்கல, நான்தான் ஊட்டி விட்டேன். இன்னொரு தடவ அவளால முடியாது சார். அதோட, சொல்லிட்டா அவளுக்கு எல்லாப் பையனும் அவனாத்தான் தெரிவான். எனக்குத் தெரியற மாதிரி. தெரிஞ்சவங்கள யாரையும் கூட்டிட்டு வராததும் அதுக்குத்தான், யாராவது வாய விட்டுட்டா போச்சு. அவளுக்கு ஒண்ணும் தெரியக்கூடாது. வாடகை வீடு தேடற படம், அவ்வளவுதான்.

உங்க வீட்டம்மாவக் கூப்பிடறீங்களா? நிஜமாவா? ஐயோ, பிள்ளைங்க முகம் வாடுதே. பெரிய படத்த நாளைக்குப் பாத்துக்கலாம் கண்ணுங்களா, அது ஓடும், அது எங்கயும் போகாது. பாப்கார்ன் நான் வாங்கித் தரேன். சீக்கிரம் சார், மேனேஜர் மாடிப்படி இறங்கிட்டாரு. இல்ல, எங்ககூட உக்கார வேணாம், நீங்க எங்க வேணாலும் உக்காருங்க. தூங்குங்க, ஃபோனப் பாருங்க, யாரு கேக்கப் போறா.

எந்த சீன்னு உங்க வீட்டம்மாகிட்டயும் பிள்ளைங்ககிட்டயும் சொல்ல வேணாம், விடுங்க. உங்க பொண்ணுங்க தெரியாம ஏதாவது சொல்லிடும். நீங்க திரையப் பாக்கவே வேணாம் சார். இன்னிக்கு நானும் பாக்கப் போறதில்ல. அந்த சந்தை வரப்ப நான் அவ மூஞ்சியத்தான் பாத்துட்டு இருப்பேன்.