ஆறாவது யன்னல்

இல்ல இல்ல, கரைச்சல் ஒண்டும் இல்ல நபீஸ், உள்ளுக்க வாங்கோ. கதிரையில கிடக்கிற துவாயைத் தள்ளிப்போட்டு இருங்கோ. போனை ஓஃப் பண்ணி வச்சிருந்தனான், அதுதான் நீங்கள் எடுத்தது தெரியேல்ல. ரொஷேல் மிஸ் கத்தியிருப்பா, என்ன? அவட விளையாட்டுச் சாமான் கடை வெப்சைட் நாளைக்குப் போகோணும், மெனு இன்னும் என்ர கையில. பம்பலப்பிட்டியிலயிருந்து இந்த வெயிலுக்க உங்களை அனுப்பியிருக்கிறா, பாவம். நானும் இப்பதான் வந்தனான். மூண்டு மணிக்குள்ள திரும்பப் போகோணும். மிஸ் எல்லாம் வேண்டாம், சிவானி எண்டே கூப்பிடுங்கோ.

நீங்கள்தானே இதுக்குக் கோட் எழுதப்போறது? அப்ப ஒருக்கா விளங்கப்படுத்திவிடுறன், கிட்ட வந்து பாருங்கோ. இது ஒரு கோச்சிப்பெட்டி, ரெயில் பெட்டி. ஆறு யன்னல், ஆறும் ஆறு பட்டன். ஃபோட்டோஷொப்பில ஒவ்வொரு யன்னலுக்கும் ரெண்டு லேயர் வச்சிருக்கிறன், மூடினது ஒண்டு, திறந்தது ஒண்டு. மவுஸைக் கிட்டக் கொண்டுபோனா மூடினது மறையோணும், உள்ளுக்கயிருந்து ஒரு மிருகம் எட்டிப்பாக்கோணும். முதலாவது யானை, அது முகப்பு. கிளி வந்து பொம்மையள். ஆந்தைக்குப் பக்கத்தில புத்தகம். கரடி, தலையில சட்டியோட நிக்குது பாருங்கோ, அது பேர்த்டே சாமான். பூனை, எங்களைப்பற்றி. சிரிக்கிறீங்கள், என்ன? ரொஷேல் மிஸ்ஸும் சிரிச்சவ.

இல்ல, எனக்குச் சும்மா கீற வராது. போட்டோ எடுத்து, அதுக்கு மேல பென் டூலால கீறிக் கீறித்தான் ஆளை மிருகமாக்கிறது. ஆறுக்கும் நிண்டது என்ர மனுசன்தான், தனஞ்சயன். போன ஞாயிற்றுக்கிழமை ஆளைப் பல்கனியில நிப்பாட்டிப்போட்டு நான் குசினி யன்னலுக்கு உள்ளுக்க நிண்டு எடுத்தனான். யானைக்கு மூக்கில புடலங்காயைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவர். கரடிக்கு நான் சோறு வடிக்கிற சட்டி. பக்கத்து பிளட் யூஜினா அன்ரி பல்கனியில உடுப்புக் காயப்போட வந்திட்டு, என்ன பிள்ளை இவருக்கு எண்டு என்னைக் கேட்டவ. அவர் வெக்கப்படேல்ல. அன்ரிக்கும் தும்பிக்கையை ஆட்டிக் காட்டினவர். அப்படித்தான், ஒரு விசயம் குடுத்தா லேசில விடமாட்டார்.

ஓம், ஓம். ஆறாவது யன்னல். அதைக் கேக்கத்தான் நீங்கள் வந்தனீங்கள் எண்டு எனக்குத் தெரியும். தொடர்புகொள்ள எண்ட பட்டன். அதில குரங்கு வந்து கை காட்டோணும். அந்த இடத்தில இவரின்ர போட்டோவை அப்படியே வச்சு மாதிரி அனுப்பினனான், மிஸ் மூண்டு மெயில் போட்டிட்டா. சின்னப் பிள்ளையள் வாற இடத்தில கண்ணாடி போட்ட அங்கிள் ஒராள் நிண்டு என்ன செய்யிறார் எண்டு கேட்டு எழுதியிருக்கிறா. நியாயம்தானே. நான் பிழை சொல்லேல்ல.

நேற்றுக் காலமை இவர் வேலைக்குப் போனாப் பிறகு அதைத் துடங்கினனான். காது கீறி முடிச்சனான், வலப்பக்கக் காது மட்டும். பெருப்பிச்சுக் காட்டுறன், பாருங்கோ. ஒரு காது குரங்கு, மற்றது மனுசன். அதோட ஒரு போன் வந்திட்டுது, வச்சது வச்சபடி எழும்பிப் போயிட்டன். இப்ப வந்து திருப்பித் திறந்தனான். கண்ணாடியை அழிச்சனான். பிறகு திருப்பிப் போட்டனான். திருப்பியும் அழிச்சனான். நீங்கள் பெல் அடிக்கேக்க போட்டுக் கிடந்தது, அதால அப்படியே கிடக்கு.

இல்ல நபீஸ், வேற போஸில திரும்ப எடுக்கேலாது.

ஒண்டு செய்வம். உங்களுக்கும் ஃபோட்டோஷொப் தெரியும்தானே. முகத்தை நீங்களே குரங்காக்கிவிடுங்கோ. பத்து நிமிசம் போகாது. எனக்கு ஏலாமக் கிடக்கு. லேயருக்கு தனா எண்டு பேர் போட்டிருக்கு, தேடத் தேவையில்ல. மயிர், மூக்கு, கண்ணாடி, எல்லாத்தையும் எடுங்கோ. கையை மட்டும் மாத்தாதேங்கோ. மண்ணிறம் அடிச்சாக் காணும், விரலை அப்படியே விடுங்கோ. சின்ன விரல் கொஞ்சம் வளைஞ்சு கிடக்கும், கிரிக்கட்டில முறிஞ்சது. நேராக்கிப் போடாதேங்கோ. குரங்கின்ர விரலை ஆர் உத்துப் பாக்கப்போயினம்? மிஸ் கேட்டா, சிவானிதான் அப்படி விடச் சொன்னவ எண்டு சொல்லுங்கோ. இதொண்டுதான் நான் உங்களிட்டக் கேக்கிறது.

சந்தோசம். பென் டிரைவைத் தாங்கோ, பைலைப் போட்டுவிடுறன். என்னட்ட ஒரு கொப்பி இருக்கு, அதில அவர் அவராவே நிப்பார். இந்தாங்கோ, முடிஞ்சுது.

நபீஸ், போயிட்டு வாறன் எண்டு சொல்லாதேங்கோ. பிழையா நினைக்காதேங்கோ, எங்கட ஆக்கள் செத்த வீட்டில அப்படிச் சொல்லிப்போட்டு வெளிக்கிடுறேல்ல.

ஓம். அவர்தான். நேற்று, வேலை செய்யிற இடத்தில, நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு இருந்தவராம். களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முதலே முடிஞ்சுதாம். இந்த பிளட் லிஃப்டுக்குள்ள பெட்டி ஏறாது, அதால பிரேதம் வைக்கிற மலர்ச்சாலையில வச்சிருக்கு. சொந்தக்காரர் எல்லாரும் அங்கதான், இஞ்ச பாத்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் அவருக்கு உடுத்த வேட்டி எடுக்கவெண்டு வந்தனான். வந்த இடத்தில கொம்பியூட்டரைப் போட்டிட்டன். வேட்டி இன்னும் எடுக்கேல்ல.

இல்ல, திரும்பக் கதிரையில இருக்காதேங்கோ. மிஸ் பாத்துக்கொண்டிருப்பா. கதவை நான் சாத்துறன். ஒண்டும் சொல்லாமப் போங்கோ.