எண்பத்தஞ்சுக்குக் கீழே

ஜெமீலா: இறங்குங்க. செருப்பக் கழட்டித்து மறுகா ஏறுங்க.

ஜவுபர்: செருப்பு பத்துக் கிலோவா புள்ள?

ஜெமீலா: சாவிக் கொத்தையும் தாங்க. போனையும் தாங்க. ...இப்ப ஏறுங்க.

ஜவுபர்: ஏறித்தன்.

ஜெமீலா: யா அல்லாஹ்...

ஜவுபர்: எத்தின?

ஜெமீலா: தொண்ணூத்தி ரெண்டு தசம் நாலு.

ஜவுபர்: பாமசி மெஷின் பிழை.

ஜெமீலா: எனக்குச் சரியாத்தான் காட்டின. கிளினிக்ல பாத்த அதே அறுபத்தி மூணு.

ஜவுபர்: பிழைதான். நான் அரிசி யாவாரி. தராசு எனக்குத் தெரியாதா?

ஜெமீலா: தொண்ணூத்தொண்டுல தொடங்கின மனிசன் நீங்க. முப்பத்தஞ்சு நாள் வயித்தக் கட்டித்து, ஒண்டரைக் கிலோ ஏறி நிக்கிறீங்க.

ஜவுபர்: மெதுவாக் கதை. மருந்து எடுக்க வந்த ஆக்கள் பாக்கிறாங்க.

ஜெமீலா: பாக்கட்டும். திங்கக்கிழமை கொழும்பில டொக்டருக்கு என்ன சொல்லுற? எண்பத்தஞ்சுக்குக் கீழ இறங்கினாத்தான் உங்கட கிட்னிய எடுத்து ஸுஹைறாவுக்கு வைக்கலாம் எண்டு சொன்னாரா இல்லயா?

ஜவுபர்: சொன்னார்.

ஜெமீலா: உங்கட தங்கச்சிக்கு வேற ஒருத்தர்ட கிட்னியும் பொருந்தல்ல.

ஜவுபர்: தெரியும் புள்ள. போன்ல திண்டத எழுதுற அந்த ‘எப்’பை நம்பித்தானே இரிந்தன். நாள முடிக்கிற பட்டன அமத்தினா என்ன எழுதிக் காட்டின? ஒவ்வொரு நாளும் இண்டைய மாதிரித் திண்டா அஞ்சு கிழமையில எண்பத்தொண்டு எண்டு.

ஜெமீலா: இண்டைய மாதிரித் திண்டா. அத வாசிச்சீங்களா? நீங்க எழுதினத வெச்சித்தான் அது சொல்லும். எழுதாதது அதுக்கு எப்படித் தெரியும்?

ஜவுபர்: நான் எல்லாம் எழுதினன்.

ஜெமீலா: நிந்தவூர்க் கலியாணத்துக்குப் போனீங்களே, அண்டைக்கு என்ன எழுதின?

ஜவுபர்: ஒரு சஹன் தட்டைச் சுத்தி ஆறு பேர் இரிந்தம். ஆறாப் பிரிச்சி ஒரு பங்கு போட்டன்.

ஜெமீலா: அந்த ஆறு பேர் ஆரு?

ஜவுபர்: மீராசாஹிபு ஹாஜியார்... அவர்ட மச்சான்...

ஜெமீலா: ஹாஜியாருக்குச் சீனி வருத்தம். மச்சானுக்குப் பல் இல்ல.

ஜவுபர்: அவரும் ரெண்டு வாய் வெச்சார்.

ஜெமீலா: அப்ப அவங்கட ரெண்டு பங்கும் ஆர்ர வயித்துக்குள்ள போன?

ஜவுபர்: ஒரு நாள் திண்டதுக்கு இவ்வளவு ஏறுமா?

ஜெமீலா: ஏறாது. அதான் கேக்கன். போனைத் துறந்து பாக்கன்... இஞ்ச பாருங்க. காலைல ரெண்டு முட்டை. பகல் சோறு. அசர் தொழுகைக்குப் பிறகு பிளேன்டீ. அதோட நாள் முடிஞ்சிரிக்கி. ஒவ்வொரு நாளும் அப்படித்தான். ராச் சாப்பாடு எங்க?

ஜவுபர்: அது உன்ட வேலை.

ஜெமீலா: என்ட வேலையா?

ஜவுபர்: மஃரிப் பாங்கு சொன்னா அடுத்த நாள் தொடங்கியிரும். வெள்ளிக்கிழமை ராவு எண்டு எத நாம சொல்ற? வியாழக்கிழமை பொழுதுபட்டா வெள்ளி ராவு. அதால மஃரிபோட நாள முடிச்சித்து, பள்ளிவாசலுக்குப் போனன். ராத் திண்டது அடுத்த நாள்ப் பக்கத்தில வரணும். காலைல போனை நீதானே முதல்ல துறக்கிற.

ஜெமீலா: நான் துறந்து முட்டையப் போட்டன்.

ஜவுபர்: ராவுப் புட்டப் போடல்லயா?

ஜெமீலா: ...இல்ல.

ஜவுபர்: முப்பத்தஞ்சு ராவும்?

ஜெமீலா: பாதி நாளப் பாத்துத்தான் அது எண்பத்தொண்டு சொல்லியிரிக்கி. பட்டினி கிடக்கிற ஒரு மனிசனுக்குச் சொன்ன கணக்கு அது. உங்களுக்கு இல்ல.

ஜவுபர்: ஸுஹைறா கோல் எடுக்கிறா.

ஜெமீலா: ஸ்பீக்கர்ல போடுங்க.

ஸுஹைறா: காக்கா, ஏறிப் பாத்தீங்களா? எத்தின?

ஜவுபர்: இன்னும்... ஆக்கள் நிக்கிறாங்க தங்கச்சி.

ஸுஹைறா: நீங்க ஒவ்வொரு நாளும் எடுத்து அனுப்பின படம் எல்லாம் வெச்சிரிக்கன். டயலிசிஸ் கட்டில்ல கிடந்து அதத்தான் பாப்பன். எண்பத்தொண்டு, எண்பத்தொண்டு எண்டு. பக்கத்துக் கட்டில்க்காரிக்கும் காட்டினன். உடுப்பும் அடுக்கித்தன்.

ஜெமீலா: நாங்க கொஞ்சத்தால எடுக்கிறம் மச்சி.

ஸுஹைறா: ஓம் மச்சி. காக்காவுக்கு வயித்துக்கு ஏதும் குடுங்க. பாவம்.

ஜெமீலா: வெச்சித்தா. உங்களோட ஒரு கதை கதைக்கணும். வெளிய வாங்க.

ஜவுபர்: இஞ்சயே சொல்லு.

ஜெமீலா: ராவுப் புட்ட எழுத நான் மறந்து விடல்ல.

ஜவுபர்: என்ன?

ஜெமீலா: தெரிஞ்சித்துத்தான் விட்டன். புட்டுக்குத் தேங்காப் பால் கூட ஊத்தினன். கறி ஆணத்திலயும் கட்டிப் பால். ரொட்டிக்கு ஒரு கரண்டி நெய் தடவித்து, இது நெய் இல்ல எண்டு சொன்னன். கத்தி வெச்ச பிறகு உங்களுக்கு ஒண்டு எண்டா நானும் மூணு புள்ளைகளும் எங்க போற? எண்பத்தாறுல நிண்டாப் போதும், டொக்டரே வேணாம் எண்டு சொல்லுவார், என்ட வாயால சொல்லத் தேவல்ல எண்டு நினைச்சன். ஏசுங்க. அடிச்சாலும் பரவால்ல.

ஜவுபர்: அழாத.

ஜெமீலா: அவ "வயித்துக்கு ஏதும் குடுங்க" எண்டு என்னட்டயே சொல்றா.

ஜவுபர்: அழாத எண்டு சொன்னன்.

ஜெமீலா: ஆனா எனக்கு ஒண்டு விளங்கல்ல. நான் ஊத்தின பாலுக்கு ரெண்டு கிலோ, மிஞ்சினா மூணு. பகல்ல நீங்க எழுதினதுக்கு மேல திங்கல்லதானே. எண்பத்தாறுக்கு மேல இரிக்கிற ஆறு கிலோ எங்கால வந்த? கடையில அவ்வளவு பெரிய தராசு இரிக்கி. இடையில ஒரு நாள் ஏறிப் பாத்திரிந்தா இப்படி வந்திரிக்குமா? அரிசித் தராசில மனிசன் ஏறினா யாவாரத்துப் பரக்கத்து போயிரும் எண்டு வாப்பா சொன்ன எண்டு...

ஜவுபர்: வாப்பா அப்படி ஒண்டும் சொல்லல்ல.

ஜெமீலா: அப்ப?

ஜவுபர்: மூணாம் கிழமை ஏறினன். எண்பத்தேழு காட்டின. உன்ட நெய்யையும் திண்டித்து எண்பத்தேழு. இன்னும் ரெண்டு கிலோ இறங்கினா உண்மையாவே என்ட கிட்னிய எடுத்திருவாங்க எண்டு அப்பதான் விளங்கின. அண்டைக்கு அசர் தொழுதித்து நேராக் கொத்து ரொட்டிக் கடைக்குப் போனன் ஜெமீலா. அதுக்குப் பிறகு ஒரு நாளும் போகாம இரிக்கல்ல.