புதுச்சத்திரத்தில் கோழிகள் மண் குளித்த காலை

புதுச்சத்திரத்துத் தேநீர்க் கடையில் தேங்காய் பன் நன்றாக இருக்கும். அன்று காலை கதிர்வேல்தான் வாங்கித் தந்தார். "மொதல்ல சாப்புடுங்க அம்மணி, ஓமலூர் போற வரைக்கும் தாங்கோணும்" என்றார். கோழி லாரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், காவல் ஆய்வாளர் ஐயா.

என் பெயர் மதுமதி. பறவைகளுக்கு மகிழ்ச்சி உண்டா என்பதுதான் என் ஆராய்ச்சி. வலி உண்டு, பயம் உண்டு என்றால் இப்போது ஒப்புக்கொள்கிறார்கள். மகிழ்ச்சி என்றதும் சிரிக்கிறார்கள். அதனால் நாமக்கல் பக்கம் மருதாசலம் என்பவரின் முட்டைப் பண்ணையில் மாதக்கணக்கில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தேன். தீனி வரும்போது ஒரு குரல், ஏமாந்தால் ஒரு முனகல், மிரண்டால் ஒரு அலறல் என்று ஒவ்வொன்றாகப் பிரித்தறிந்தேன். மகிழ்ச்சியின் குரல் மட்டும் கிடைக்கவில்லை. கம்பிக் கூண்டில் எப்படிக் கிடைக்கும்? கோழி மண்ணில் புரண்டு குளிக்க வேண்டிய உயிர். அந்தக் கோழிகள் மண்ணை மிதித்ததே இல்லை.

முட்டை குறைந்ததும் அவற்றைக் கறிக்கு ஏற்றினார்கள். பயணத்தில் அவை எழுப்பும் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று சொல்லி நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். அது பொய்.

வழியில் கதிர்வேல் கேட்டார். "மெய்யாலுமே இதுங்களுக்குச் சந்தோசம் தெரியுங்களா?"

"தெரியுங்க. இன்னைக்கு நீங்களே பாப்பீங்க."

"அப்படின்னா எம்பொண்ணுகிட்டச் சொல்லோணும். பொழுதுக்கும் இதையேதான் கேக்குறா" என்று சிரித்தார்.

பன் சாப்பிட்டு முடித்ததும், "வெயிலு ஏறுதுங்க, இதுங்களுக்குத் தண்ணி தெளிக்கோணும்" என்று வாளியை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். நான் கூண்டுகளின் கொக்கிகளைக் கழற்றினேன்.

பிறகு நடந்ததை நேரில் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். மூட்டை அவிழ்ந்து பொரி கொட்டியது போல வெள்ளை வெள்ளையாய்க் கோழிகள். நடக்கத் தெரியாமல் நடந்தன. ஒன்று தேநீர் மேடையில் ஏறிப் பால் சட்டியை எட்டிப் பார்த்தது. ஒன்று ஒரு பெரியவரின் வண்டியில் பின்னிருக்கையில் போய் உட்கார்ந்து, புறப்படலாம் என்பது போலக் கழுத்தை நீட்டியது. ஒருவன் லுங்கிக்குள் ஒன்றை மறைக்க, அது உள்ளேயிருந்து கொக்கரித்தது. பள்ளி வேனிலிருந்து பிள்ளைகள் கத்திக் கை தட்டினார்கள். ராட்டினத்தில் உச்சிக்குப் போனது போல எனக்குத் தலை கிறுகிறுத்தது. சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

சாலையோரத்தில் புதிதாக உழுத காடு. அதில் ஒரு கோழி காலால் கிளறியது, குந்தியது, மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டது. அதைப் பார்த்து இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் என் காலைச் சுற்றிப் பல கோழிகள் புரண்டன. தொண்டைக்குள்ளிருந்து மெல்ல, கொழகொழவென்று ஒரு ஒலி வந்தது. நான் தேடிய குரல் அதுதான். பதிவுக் கருவியை முடுக்கினேன்.

கதிர்வேல் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். என்னைத் திட்டவில்லை. சில கோழிகள் நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் இருந்த அரளிச் செடிகளுக்குள் புகுந்திருந்தன. துண்டை அவிழ்த்துக்கொண்டார். "நான் இதுங்களைப் பத்திக்கிட்டு வாரேன். வண்டி வந்தா ஒரு சத்தம் குடுங்க அம்மணி" என்றார்.

"சரிங்க" என்றேன்.

ஒவ்வொன்றாகக் கரையேற்றினார். கடைசிக் கோழிக்காக அவர் சாலையில் குனிந்தபோது நாமக்கல் பக்கமிருந்து பேருந்து வந்தது. நான் பார்த்தேன். நேரம் இருந்தது. ஆனால் நான் கத்தியிருந்தால் என் காலடியில் இருந்தவை மிரண்டிருக்கும். மிரண்ட கோழி அன்று முழுக்க மண் குளிக்காது, இது நிரூபிக்கப்பட்டது. அந்தக் குரல் பாதியில் நின்றுவிடும். ஆகவே நான் சத்தம் கொடுக்கவில்லை. அவர் அந்தக் கோழியை ஓரமாக வீசிவிட்டார். அவர் விலகத்தான் நேரம் போதவில்லை. பேருந்து ஓட்டுநர் மேல் தவறில்லை. மறந்துவிட்டதாகவோ பயத்தில் வாயடைத்ததாகவோ எழுத வேண்டாம். யோசித்துத்தான் செய்தேன்.

மருத்துவமனைப் பிணவறை வாசலில் அவருடைய மனைவி சௌந்திரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "பாத்துக்கிட்டுத்தான நின்னீங்க சாமி? ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதுங்களா?"

பொறுமையாக விளக்கினேன். ஒரு கோழிகூட அடிபடவில்லை, அதற்கு உங்கள் கணவர்தான் காரணம் என்றேன். பதிவையும் போட்டுக் காட்டினேன். பேருந்தின் ஒலி வருவதற்கு முன் நிறுத்திவிட்டேன். ஆய்வுக்கு அது தேவையில்லை.

அழுதுகொண்டிருந்தவர் சட்டென்று ஓய்ந்தார். என் கையை விட்டுவிட்டு, கண் இமைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நிம்மதி கிடைத்த உயிர் அப்படித்தான் அடங்கும். அதைக் கண்டறிவதுதான் என் தொழில். அதில் நான் தவறியதே இல்லை.