ஆற்றில் இறங்கிய பஸ்

நீங்கள் உட்கார்ந்திருக்கும் பஸ் வைகைக்குள் ஓடியிருக்கிறதா? முன் சீட்டில், மடியில் லேப்டாப்போடு ஒரு கல்லூரிப் பெண். போன் ஸ்பீக்கரில் அவள் அம்மா.

"ஏத்தா, பஸ்ஸு எங்க வருதுன்னு காட்ட நீ செஞ்ச மேப்புல ஒன் பஸ்ஸு பாலத்த விட்டுட்டு ஆத்துக்குள்ள இறங்கிப் போகுது."

பக்கத்துத் தோழி சிரித்தாள். "இதத்தான் இன்னிக்கு காலேஜ் ப்ராஜெக்ட் ரிவ்யூல காட்டப் போறியாக்கும்?"

"பஸ்ஸோட ஜிபிஎஸ் சிக்னல் வரலைன்னா மேப்புல அடுத்த ஸ்டாப்புக்கு நேர்கோட்டுல ஓடவிட்டேன்டி. பாக்க அழகா இருக்கும்ல."

"அதுக்காக நீந்த விடுவியா? தெரியலைன்னா, கடைசியாப் பாத்த எடத்துல மங்கலா நிப்பாட்டு."

லேப்டாப்காரி அப்படியே தட்டி மாற்றினாள். மறுபடியும் அம்மா.

"இப்ப செல்லூர்ல நிக்குது. நகரவே மாட்டேங்குதே, இதுவும் தப்பா?"

"இல்லம்மா, இப்பத்தான் சரி."

செல்லூர் டிராபிக்கில் பஸ் இன்னும் நகரவில்லை.