பன்னிரண்டுக்கு ஒன்று

“ஆபீஸ் வண்டியில போய் வர்றது நீங்க. இதை ஓட்டுறது நான். எனக்கு இருக்கிற ஸ்டியரிங்கே போதும்.”

“உனக்குப் பல்லைப் பிடுங்கத் தெரியும். காரைப் பத்தி என்ன தெரியும்?”

எதிர்வீட்டில் இப்படிக் குரல்கள் உயர்ந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஈரத்துணியை உதறினால் காது அடைத்துக்கொள்ளுமா என்ன?

எதிர்வீட்டுக்காரி பல் டாக்டர். அவள் கணவரைத் தெருவில் பந்தயக்காரர் என்போம். மனிதர் எந்தப் பந்தயத்திலும் ஓடியதில்லை. வைத்திருந்த கார்தான் ஒரு காலத்தில் வேகத்துக்கென்றே செய்த இரண்டு கதவு வண்டி. என்ஜினில் யானைபலம். திருப்புவதற்கு மட்டும் கையை மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். வேகமாகத் திரும்பும் ஸ்டியரிங் பாக்ஸ் ஒன்று போட்டுவிடவேண்டும் என்று அவருக்குத் தீராத ஆசை.

மெக்கானிக் என் வீட்டு மதிலில் சாய்ந்துகொண்டுதான் விளக்கினார், ஆகையால் எனக்கும் விளங்கியது. இப்போது இருப்பது இருபதுக்கு ஒன்று. அதாவது முன்சக்கரம் ஒரு டிகிரி திரும்ப ஸ்டியரிங்கை இருபது டிகிரி சுற்றவேண்டும். பதினாறு போட்டால் சுறுசுறுப்பாகவும் இருக்கும், வீட்டுக்காரம்மாவுக்கும் பழகிவிடும்.

“பன்னிரண்டும் கிடைக்குது சார். ஆனா அது பந்தயத் தடத்துக்குத்தான். ரோட்டுல போட்டீங்கன்னா, தும்முனா போதும், அடுத்தவன் வீட்டு ஹால்ல நிப்பீங்க.”

பந்தயக்காரர் சிரித்துவிட்டுப் பதினாறு என்றே முடிவு செய்தார். சாயங்காலம் அவர் கேட்டைப் பூட்டும்போது நான் ஒரு வார்த்தைதான் சொன்னேன்.

“பதினாறே நல்லது தம்பி. வயசானவங்களுக்கு அதுதான் தோதுன்னு மெக்கானிக்கும் கடையில சொல்லிட்டிருந்தார்.”

மெக்கானிக் அப்படிச் சொல்லவில்லை. மறுநாள் பன்னிரண்டுக்கு ஆர்டர் போனது. அதைத் தேர்ந்தெடுத்தது அவர், நான் இல்லை.

டாக்டரம்மாவோடு எனக்கு விரோதம் என்று தெருவில் யாராவது சொல்லியிருப்பார்கள். அப்படி ஒன்றும் பெரிதாக இல்லை. கடைவாய்ப் பல் வலி என்று அவளிடம் போயிருந்தேன். வரிசையில் பாதித் தெரு உட்கார்ந்திருந்தது. “பல்லுல ஒரு கோளாறும் இல்லக்கா. வாய்க்கு ஓய்வு குடுக்காததால தேஞ்சிருக்கு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த வாரமே தன் சமையலறை ஜன்னலுக்குக் கனமான திரை தைத்துப் போட்டாள். பகலில்கூட அதை விலக்குவதில்லை. எதிரே குடியிருப்பவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. சண்டை வந்தால் இருவரும் முகம்கொடுத்துப் பேசமாட்டார்கள்; சேதியெல்லாம் என் வழியாகத்தான் போய்வரும். கேஸ் தீர்ந்துவிட்டது, மாமியாருக்குக் காய்ச்சல், எல்லாம் நான்தான் கொண்டுபோவேன். ஒன்றையும் அதுவரை மாற்றிச் சொன்னதில்லை. ஸ்டியரிங் சண்டைக்குப் பிறகு அவள் கோபித்துக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது பாக்ஸ் வந்தது, பொருத்தியும் ஆயிற்று. பந்தயக்காரருக்கு வேலை நிமித்தம் வெளியூர் போகவேண்டியிருந்தது. சாவியை என்னிடம் கொடுத்தார்.

“அவ வந்தா சொல்லிடுங்க அக்கா. லேசாத் திருப்பினாலே போதும், பழைய பழக்கத்துல சுத்திடக்கூடாது. முதல்ல மைதானத்துல ஓட்டிப் பழகட்டும், அப்புறம் பாலத்துப் பக்கம் போகட்டும். நான் போன்ல சொன்னா பாதியிலயே வெச்சிடுவா.”

மறுநாள் காலை அவள் வந்தாள். சாவியைக் கொடுத்தேன்.

“எதாவது சொல்லிட்டுப் போனாரா?”

“ஒண்ணும் சொல்லலையேம்மா.”

வண்டியைப் பின்னால் எடுத்தாள். வாசலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள்.

“என்னக்கா இது, தொட்டாலே வெட்டுது? பாக்ஸை மாத்திட்டாரா?”

“பார்சலே இன்னும் வரலை. டயருக்குக் காத்து அடிச்சாரு, அதான் லேசா இருக்கு. நீ கிளம்பு, கிளினிக்ல ஆள் காத்துட்டிருக்கும்.”

என் வாயைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேசியவள், அந்த வாயை நம்பித்தான் கியரைப் போட்டாள். பாலத்தின் மேல் எதிரே ஒரு லாரி ஒதுங்காமல் வந்திருக்கிறது. அவள் வழக்கம்போல ஸ்டியரிங்கைச் சுற்றியிருக்கிறாள். கைப்பிடிச் சுவர் பழையது, உடனே விட்டுக்கொடுத்துவிட்டது. ஆற்றில் அப்போது தண்ணீர்கூட இல்லை.

பந்தயக்காரர் திரும்பி வந்து என் வாசலில்தான் முதலில் நின்றார். “சொன்னீங்கதானே அக்கா?”

“சொல்லாம இருப்பேனா? எனக்கு ஓட்டத் தெரியாதான்னு சிரிச்சிட்டுப் போனா தம்பி.”

தலையாட்டினார். அவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள் என்று அவருக்கும் தோன்றியது. பன்னிரண்டைப் போட்ட கை என்று தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பல நாள் அவருக்குச் சாப்பாடு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். கூடப் பிறந்தவள்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்று தெருவே சொன்னது.

மெக்கானிக்கிடம் அதன்பிறகு யாரும் வண்டி விடவில்லை. கடையை மூடிவிட்டு மனைவியின் ஊருக்குப் போய்விட்டார். பந்தயக்காரர் கிளினிக்கில் வேலை பார்த்த நர்ஸைக் கட்டிக்கொண்டார். அந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்ததும் நான்தான். வீட்டை விற்றுவிட்டு இருவரும் வேறு ஊரில் இருக்கிறார்கள், சந்தோஷமாகத்தான் இருப்பதாகக் கேள்வி. நான் பேசாமல் இருந்ததால் கெட்டுப்போனவர்கள் யார், சொல்லுங்கள்.

எதிர்வீட்டுக்குப் புதிதாக ஒரு ஜோடி வந்திருக்கிறது. அந்தப் பெண்ணும் கார் ஓட்டுகிறாள், மரியாதையாக அக்கா என்று கூப்பிடுகிறாள். நேற்று சமையலறை ஜன்னலுக்குத் திரை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தாள். அளவெடுத்து முடித்ததும் என்னிடம்தான் வந்தாள், அவசரத்துக்கு இருக்கட்டும் என்று காரின் மாற்றுச் சாவியைக் கொடுத்துவைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.