கக்கத்தில் செருப்பு

விஸ்வநத்தம் போகும் காலைப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று சொன்னாள்.

"யக்கா, அந்தச் சிரிப்பு நடிகரைப் பார்த்து இனிமே எனக்குச் சிரிப்பு வராது."

"எவரு? எந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலும் செருப்பைக் கழட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டே போவாரே, அவரா?"

"அவுகதான். நாவல் எழுதியிருக்காகளாம். எம் மக நேத்து வாசிச்சுக் காட்டுனா. அவுக அம்மாவும் நம்மளப் போல பட்டாசு மருந்து ரூம்ல வேலை பார்த்தவுகதானாம். வெடிச்ச அன்னைக்கு ஆளை அடையாளமே தெரியலையாம். வாசல்ல கழட்டிப் போட்டிருந்த செருப்பைக் காட்டி, இது உங்க அம்மாவோடதுதானான்னு, அப்ப பச்சப்பிள்ளையா இருந்த இவுகட்ட கேட்டிருக்காக."

"அய்யோ! கதைக்காக எழுதியிருப்பாகடி."

"இல்லக்கா. அம்புட்டும் நடந்ததுன்னு புத்தகத்து மொதப் பக்கத்துலயே எழுதியிருக்காக. மொதப் படத்துல செருப்பை வெளிய விட்டுட்டு வரச் சொன்னாகளாம். இவுகளுக்கு விட மனசு வரலையாம். கக்கத்துல இடுக்கிட்டு நின்னாகளாம். டைரக்டரு சிரிச்சுட்டு, இதையே எல்லாப் படத்துலயும் செய்யின்னுட்டாராம்."

"ஞாயித்துக்கிழமைகூட டிவில பார்த்து விழுந்து விழுந்து சிரிச்சேனே, பாவி!"

கம்பெனி நிறுத்தத்தில் எழுந்தபோது மூத்தவள் குனிந்து நான்கு கால்களையும் பார்த்தாள்.

"ஏ புள்ள, பொங்கலுக்கு நாம ரெண்டு பேரும் ஒரே மாதிரி செருப்பு வாங்கிருக்கோமே."