அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல

படம் மறுகா எடுக்கலாம் தம்பி, அந்தக் கமறாவ மூடி வைங்க. முதல்ல தேத்தண்ணியக் குடிங்க, ஆறிப்போகும். சீனி கூடவா? நான் ஊத்தினா அப்பிடித்தான். எங்கட வீட்டுக்காரி சல்மா உம்மா ஆமிக் கேம்புக்குப் போயிற்றா, சோத்துப் பார்சல் கொண்டுக்கிட்டு. ஓம், ஒவ்வொரு நாளும்தான் போறவ. லுஹருக்கு, பகல் தொழுகைக்குப் பாங்கு சொல்லக்குள்ள வந்திருவா. அவ வாறத்துக்கு முன்ன நாம இந்தக் கதைய முடிச்சிரணும்.

சரி, நீங்க கேட்டதுக்கு வாறன். கல்முனையில வெள்ளக்கார ஆமிக்காரன் ஆராச்சும் மவுத்தானா? இல்ல. நான் இருவத்தாறு வருசமா இந்தப் பிரிவுக்குப் பிறப்பு இறப்புப் பதியிற றெஜிஸ்தார். என்ட புத்தகத்தில ஏறாம இஞ்ச ஒருத்தரும் பிறக்கவும் ஏலா, மவுத்தாகவும் ஏலா. புத்தகத்தில வெள்ளக்காரன் இல்ல. எழுதிக்கொள்ளுங்க.

என்ன, பேனைய மூடிட்டீங்க? இதுக்கா இவ்வளவு தூரம் பஸ்ஸில குலுங்கி வந்தன் எண்டு நினைக்கிறீங்க. பொறுங்க தம்பி. உங்கட பேப்பர் எங்களுக்கு வந்து சேரக்குள்ள மத்தியானம் ஆகிரும், அதிலயும் பாதி வெள்ளக் கடதாசி. போன கிழம ஒரு பக்கத்தில தலைப்பு மட்டும் இரிந்திச்சி, கீழ ஒண்டுமில்ல, அவ்வளவையும் சென்சார்ல வெட்டிப் போட்டானுகள். எங்கட ஆதம்பாவா வட்டவிதானை, தண்ணி பாய்ச்சிற பொறுப்புக்காரர், கண்ணாடியப் போட்டுக்கிட்டு அந்த வெள்ளையத்தான் அரை மணித்தியாலம் வாசிச்சாரு. கேட்டா, நான் மூத்தவனெண்டு என்னக் காக்கா எண்டுதான் கூப்பிடுவாரு, இதிலதான் காக்கா முழுச் செய்தியும் இரிக்கி எண்டாரு.

ஓ, இந்தச் செய்தி வெள்ளக்காரன்ட நாட்டுப் பேப்பருக்குப் போகப்போகுதா? அங்க வெட்ட மாட்டானுகளா? அப்ப நல்லம். அவனுகளே கேட்டு எழுதினானுகளாமா, எங்கட ஆமிக்காரன் உங்கட ஊர்ல இரிக்கானா எண்டு? சரிதான். மாட்டுக்காரனே வந்து என்ட மாடு உங்கட வயல்ல மேயுதா எண்டு விசாரிக்கிற காலம்.

அவனுகள் இஞ்ச இரிக்கிறது ஆருக்குத் தெரியா? வந்து ஒரு வருசமாகுது. முதல்ல உல்லாசப் பிரயாணி எண்டானுகள். உல்லாசப் பிரயாணி ஆராச்சும் நூறு ஆமிக்காரனக் கடக்கரையில ஓட விட்டுப்போட்டு பின்னால நிண்டு ஏசுவானா? மறுகா விவசாய ஆலோசகர் எண்டானுகள். அதுதான் பிழைச்சிப் போச்சி, ஏனெண்டா ஆதம்பாவா அத நம்பிட்டாரு. மாவடிப்பள்ளிக் கண்டத்து வயல்ல பூச்சி விழுந்து வெள்ளாமையெல்லாம் எரிஞ்ச மாதிரிக் கிடந்திச்சி. மனிசன் ஒரு பிடி கதிர அறுத்துக்கிட்டு கேம்ப் வாசலுக்கே போயிற்றாரு, ஆலோசனை கேக்க. ஒரு வெள்ளக்காரன் வந்து வாங்கிப் பாத்தானாம், மணந்து பாத்தானாம், வெரி குட் எண்டானாம். காக்கா, இவன் விதைக்க வந்தவனில்ல, வெட்ட வந்தவன் எண்டு சொல்லிக்கிட்டு வந்தாரு. மறுகா கடையில மருந்து வாங்கித்தான் அடிச்சாரு.

எங்கட பாராளுமன்றத்தில கேட்டா, அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல. அவன்ட பாராளுமன்றத்தில கேட்டா, அப்பிடி ஒருத்தர் அங்க போகல்ல. நல்ல ஒற்றுமை. ரெண்டு பாராளுமன்றத்திலயும் இல்லாத மனிசன் எங்கட சந்தையில அன்னாசி விலை பேசுறான்.

ஏ.ஜி.ஏ.யா, உதவி அரசாங்க அதிபரா? அவர் பாவம். அரசாங்கத்துக்கு இஞ்ச அவர்தான் பெரியவர், ஆனா கேம்ப் வாசல்ல அவரயும் ஜீப்ப விட்டு இறக்கி, கையத் தூக்கச் சொல்லித் தடவிப் பாத்துத்தான் விட்டானுகள். மூணு கடிதம் போட்டாரு கேம்புக்கு, வேறொரு விசயமா. அத மறுகா சொல்றன். மூணுக்கும் ஒரே மறுமொழி, அழகா டைப் அடிச்சி, அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல. பொலிசுக்குப் போனா, றெஜிஸ்தார், எங்களையே உள்ள விடுறானுகளில்ல எண்டு இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விடுறாரு. பெருமூச்சுக்கு றசீது தருவீங்களா எண்டு கேட்டன். அவருக்குக் கோவம் வந்திட்டு.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருவம். வாடைக் காத்து, கடல் பேய் மாதிரிக் கிடக்கு, எங்கட மீன்காரனுகளே தோணி இறக்கல்ல. ஒரு வெள்ளக்காரன் நீந்தப் போனான். ஆலோசகர்தானே, கடலுக்கும் ஆலோசனை சொல்லப் போயிரிப்பான். இழுத்துக்கிட்டு வந்து பக்கத்து ஆஸ்பத்திரியில போட்டானுகள். கொஞ்சம் மூச்சு இரிந்திச்சாம், கட்டில்ல ஏத்தினதும் நிண்டு போச்சி. சவ அறையில வேல செய்யிற சுவாம்பிள்ளை எனக்குச் சொன்னாரு, மேசைக்கு வெளிய ரெண்டு காலும் நீட்டிக்கிட்டு நிண்டிச்சாம். நரைச்ச தலை. அவனுக்கும் எங்கயோ ஒரு உம்மா இரிப்பா. அவவுக்கு என்ன பொய் சொன்னானுகளோ தெரியா.

கேம்புக்குள்ளயே செத்திருந்தா ஆருக்கும் தெரியாமத் தூக்கிக்கிட்டுப் போயிரிப்பானுகள். ஆஸ்பத்திரியில செத்தது கரைச்சலாப் போச்சி. டொக்டரம்மா ஒரு பிடிவாதக்காரி. பேரில்லாத மையித்த விட ஏலா, பேரக் கொண்டாங்க, அடையாள அட்டையக் கொண்டாங்க, மவுத்தப் பதிஞ்சி துண்டக் கொண்டாங்க எண்டு கதவப் பூட்டிட்டா. துவக்கோட நாலு பேர் நிண்டும் அவ திறப்பக் குடுக்கல்ல. இல்லாத மனிசனுக்கு எங்க பேர் தேடுற? மையித்தக் கொண்டுபோக வந்த ஆமிக் கேப்டன் கேம்புக்கு ஓடினான், ஒரு மணித்தியாலத்தில ஒரு அடையாள அட்டையோட வந்தான். ஓம் தம்பி, எங்கட நாட்டு அட்டைதான். எங்கட ஆக்கள்ற பேர்தான். டொக்டரம்மா அட்டையையும் பாத்தா, அந்த மையித்தையும் பாத்தா. மவுத்துக்குக் காரணம் எழுதுற துண்டில எழுதினா, கடலில் மூழ்கியது, பார்வைக்கு வயது அம்பது எண்டு. கேப்டன் அத வாசிக்கல்ல.

அந்தத் துண்டத் தூக்கிக்கிட்டு இஞ்ச வந்தான். நீங்க இரிக்கிற அந்தக் கதிரையிலதான் இரிந்தான். வந்து பத்து நாள்தானாம், தெற்குப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை, றெஜிஸ்தார் மாத்தயா, றெஜிஸ்தார் மாத்தயா எண்டு மரியாதையாத்தான் கதைச்சான். அட்டைய நீட்டினான். நான் பாத்தன். கண்ணாடியக் கழட்டித் துடைச்சிப்போட்டு மறுகாவும் பாத்தன். என்ன, ஏதும் பிழையா எண்டு கேட்டான். பிழையில்ல சேர், எழுத்துச் சின்னனா இரிக்கி எண்டன்.

கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் புத்தகத்தத் திறந்தன் தம்பி. தாமதிச்சிருந்தா அவனுக்கு விளங்கியிரிக்கும்.

ஒவ்வொரு கட்டமாக் கேட்டுக் கேட்டுத்தான் நிரப்பினன். மவுத்த அறிவிக்க வந்தவர்ற பேர், பதவி, கையெழுத்து. அதையும் வைக்கணுமா எண்டான். சட்டம் சேர் எண்டன். வச்சான். மவுத்தானவருக்கு என்ன முறை எண்டு கேட்டன். யோசிச்சி, சிநேகிதன் எண்டான். அதையும் எழுதினன். கடைசியா, மவுத்தானவர்ற அட்டைய றெஜிஸ்தாரிட்ட ஒப்படைக்கணும் எண்டன். அதுக்குத்தான் கொஞ்சம் முழிச்சான். அட்டை தராட்டி துண்டில சீல் குத்த ஏலா சேர், துண்டில்லாட்டி டொக்டரம்மா கதவத் திறக்கமாட்டா எண்டன். தந்திட்டான். சீலக் குத்திக் குடுத்தன். ஆயுபோவன் சொல்லிக்கிட்டுப் போனான்.

இந்தாங்க, இதுதான் பக்கம். அட்டையும் இந்தா. வாசிங்க, சத்தமா வேணா. பக்கீர் முகைதீன் ஜவுபர். பிறந்தது அறுவத்திமூணு. பாருங்க, அட்டைக் கணக்குக்கு இருவத்திரெண்டு வயசு, டொக்டரம்மாட கணக்குக்கு அம்பது. ரெண்டையும் எழுதித்தான் வச்சிரிக்கன்.

வாசல்ல இரிக்கிற பேர்ப் பலகைய நீங்க பாக்கல்லயா தம்பி? கேப்டனும் பாக்கல்ல. பதிவாளர் எண்டு மூணு பாசையில இரிக்கி, கீழ பேர் மட்டும் தமிழ்ல, நானே கீறினது. ஊரெல்லாம் றெஜிஸ்தார் எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு என்ட பேர் எனக்கே மறந்து போச்சி. பக்கீர் முகைதீன்.

ஓம். மூத்தவன். அவன் பிறந்ததப் பதிஞ்சதும் இதே கையாலதான். மாவடிப்பள்ளி வயல்ல வெள்ளாமைக் காவலுக்கு நிண்டவன எட்டு மாசத்துக்கு முன்ன ஜீப்பில ஏத்தினானுகள். ஏ.ஜி.ஏ.ட மூணு கடிதமும் அதுக்குத்தான். அப்பிடி ஒருத்தர் இஞ்ச இல்ல எண்டு எட்டு மாசமாச் சொன்னவனுகள், தேவைப்பட்டதும் மேசை லாச்சியத் திறந்து அவன்ட அட்டைய எடுத்துக்கிட்டு வாறானுகள். அதுவும் அவன்ட வாப்பாக்கிட்ட. நான் கையெழுத்து வைக்காட்டி அந்த அட்டை திரும்பிக் கேம்புக்குள்ள போயிரும். மகன் அங்க இரிந்தான் எண்டதுக்கு வேற என்ன இரிக்கி என்ட கையில? அதுக்காகத்தான் வச்சன்.

ஆனா பயமா இரிக்கி தம்பி. ஒருத்தன் ரெண்டு தரம் மவுத்தாக ஏலா, சட்டத்தில இடமில்ல. இனி என்ட மகன அவனுகள் என்ன செய்தாலும் புதுசா ஒரு துண்டு தேவல்ல. அத நானே சீல் குத்திக் குடுத்திட்டன். ஹயாத்தோட, உசிரோட இரிக்கானா எண்டு தெரியாத பிள்ளைய நானே புத்தகத்தில ஏத்திட்டன். அதுதான் உங்களுக்குச் சொல்லி அனுப்பினது. வெள்ளக்காரன் எண்டா நீங்க ஓடி வருவீங்க எண்டு தெரியும். எட்டு மாசத்தில என்ட வாசலுக்கு ஒரு பேப்பர்காரனும் வரல்ல, குறை சொல்லல்ல, ஆனா வரல்ல. வெள்ளக்காரன்ட கதையப் போடுங்க, நல்லாப் போடுங்க. கேப்டன்ட கையெழுத்தையும் அட்டை நம்பரையும் அதோட சேத்துப் போடணும். தலைப்பில வேணா, எங்கயாச்சும் ஒரு மூலையில. அவன்ட நாட்டில வாசிக்கிறவன் ஒருத்தனாச்சும் கேக்கணும், இந்த அட்டைக்குச் சொந்தக்காரன் எங்க எண்டு.

வாசல் கேற் சத்தம் கேக்குது. அவ வந்திட்டா. கெதியா எடுங்க படத்த, பக்கத்தையும் அட்டையையும். எடுத்திட்டீங்களா? புத்தகத்த இஞ்சால தாங்க, மூடிருவம். அவவுக்கு ஒண்டும் தெரியா, செவ்வாய்க்கிழமையில இரிந்து நான் வாயத் திறக்கல்ல. நீங்க கச்சேரியில, அரசாங்க ஒபீஸில இரிந்து வந்த ஆள், சரியா.

எங்க, கையில பார்சல் இரிக்கா பாருங்க. இரிக்கா? ஓம், கேம்பில இண்டைக்கும் வாங்கல்ல. நீங்களும் இரிந்து தின்னிட்டுப் போங்க தம்பி. எட்டு மாசமா எனக்குப் பகல் சாப்பாடு மகன்ட பங்குதான்.